பிளாக்கைத் தராசில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாத நாள்களில், எங்கள் மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் பழைய இரும்பு வாங்கும் மினி லாரிகள் சுற்றத் தொடங்கிவிடும். கொட்டகையில் கிடக்கும் கேஜ் வீல், முறிந்த கலப்பைக் கொழு, டிராக்டர் இன்ஜினின் சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பிரும்பு உடலான பிளாக் எல்லாம் ஒரே தராசில் ஏறுகின்றன. கேஜ் வீலும் கொழுவும் போகட்டும். பிளாக் போவதைப் பார்த்தால்தான், தேய்ந்த இன்ஜின்களைக் கடைந்து சீராக்கும் போரிங் பட்டறை நடத்தும் எனக்கு வயிறு எரிகிறது.

சென்ற தை மாதம் கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, மறைந்த கணவரின் மூன்று சிலிண்டர் மாஸி டிராக்டர் பிளாக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கியர் பாக்ஸும் ஹைட்ராலிக்கும் முன்பே விற்றுப்போயிருந்தன. பிளாக்குக்கு எடை போட்டு 3,500 ரூபாய் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். "லைனர் தேய்ந்துவிட்டது, இனி இது வெறும் இரும்புதான் அம்மா" என்பது அவர் சொன்ன காரணம்.

லைனர் என்பது பிஸ்டன் ஓடுவதற்காகச் சிலிண்டருக்குள் செருகிய குழல். அது தேய்வதில் என்ன அதிசயம்? பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது முதல் ரிங் எங்கே உரசுகிறதோ, அங்கே தேய்மானம் அதிகமாகத்தான் இருக்கும். லைனர் கழற்றி மாற்றுவதற்கென்றே உள்ள பொருள். பிளாக்கின் மதிப்பு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: தண்ணீர் ஓடும் சுவர், சிலிண்டர்களை மூடும் ஹெட் உட்காரும் மேல்முகம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் உட்காரும் துளை வரிசை, அதாவது மெயின் லைன். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த இன்ஜின் இன்னொரு சுற்று உழும்.

அந்த அம்மாவின் பிளாக்கை டீசலில் கழுவித் துடைத்தோம். ஹெட்டை இறுக்கும் ஸ்டட் துளைகளைச் சுற்றியும் சிலிண்டர்களுக்கு இடையிலும் மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவினோம். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமயிர் போல ஒரு கோடு தெரியும். கோடு விழவில்லை. ரேடியேட்டர் வற்றிக் கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றி விரிசல் விடவைக்கும் பழக்கம் அவர் கணவருக்கு இருந்ததில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. எல்லாவற்றையும்விட, கிராங்கைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்தும் மெயின் பேரிங் கேப்கள் எண் மாறாமல் அதனதன் இடத்தில் போல்ட்டோடு இருந்தன. பலர் கேப்பைத் தனியே கழற்றி எங்கோ போட்டுவிடுகிறார்கள். அவை பிளாக்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை. வேறு பிளாக்கின் கேப்பை மாட்டினால் அந்தத் துளைகளை ஒரே நேராக மறுபடி கடையும் லைன் போரிங் செய்தாக வேண்டும். கேப் இல்லாத பிளாக்குக்கு நானே பாதி விலைக்கு மேல் சொல்ல மாட்டேன்.

அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளோடு பிளாக் 16,000 ரூபாய்க்குப் போனது.

விலை சொல்வதற்கு என் கணக்கு எளிது. அதே மாடல் புதுப் பிளாக் என்ன விலை என்று உதிரிபாகக் கடையில் கேளுங்கள். அதில் பாதியில் தொடங்கி, செய்ய வேண்டிய வேலையின் கூலியையும் லைனர் விலையையும் கழியுங்கள். மிஞ்சுவது எடை விலைக்கும் கீழே போனால் மட்டுமே அது இரும்பு.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப் பெயின்ட் மின்னும் பழைய பிளாக்கைக் கண்டால் முதலில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பசை வைத்து அடைத்த விரிசல் அடியில் இருக்கலாம். இன்ஜின் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் பட்டிருந்தால் கையே வைக்காதீர்கள். பிளாக் மாறினால் இன்ஜின் எண்ணும் மாறும்; அந்தப் புது எண்ணை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து வாகனப் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு விற்றவரின் ஆர்.சி. நகலும் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதமும் கையில் இருப்பது நல்லது. விற்பவர், டிராக்டர் மீது வங்கிக் கடன் நிலுவை இருக்கும்போதே பாகம் பாகமாகக் கழற்றி விற்றால் பின்னால் வம்பு.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் பிற இயந்திரங்களையும் வாடகைக்கு விடுகிறது, நல்லது. அதே அலுவலகங்களில் சிலிண்டர் துளையை அளக்கும் ஒரு போர் கேஜ், தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு ஒரு பம்பு, அளக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு, இன்ஜின் எண், சிலிண்டர் அளவு, மெயின் லைன் அளவு, விரிசல் உண்டா இல்லையா என்று முத்திரையிட்ட சீட்டு ஒன்று கொடுக்கலாம். பட்டறைக்காரன் எழுதும் தாளை நம்பாதவர்களும் அந்தச் சீட்டை நம்புவார்கள்.

உன் பிழைப்புக்கு நீயே உலை வைக்கிறாயா என்று சக பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள். எடைக்குப் போன பிளாக் வார்ப்பாலை உலைக்குத்தான் போகும். எந்தப் பட்டறைக்கும் போரிங்குக்கு வராது.

இப்படிக்கு,
ஒரு போரிங் பட்டறைக்காரன்,
மன்னார்குடி.