பெரிய மேசை குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

பரந்தனிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும், சனிக்கிழமைகளில் மாங்குளத்திலிருந்து பேருந்தேறியும் கரடிப்போக்குச் சந்தியிலுள்ள எமது ஸ்னூக்கர், பில்லியார்ட்ஸ் கூடத்துக்கு வந்து விளையாடும் உங்களுக்கு மடல் எழுதும் தேவை இதுவரை எனக்கு ஏற்பட்டதில்லை. நான்கு ஆண்டுகளாகப் பந்து அடுக்கி, புள்ளி எழுதி, உங்கள் சண்டைகளையும் தீர்த்துவைத்த எமது மார்க்கர் தம்பி கடந்த மாதம் கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் அமையாததால் உண்டாகும் தாமதங்களை நீங்கள் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்கிறீர்கள். அதற்கு நன்றி.

ஆனால் சில நாட்களாகக் கைத்தொலைபேசிகளில் சுற்றிவரும் காணொளியைப் பற்றி நான் பேசாமலிருக்க முடியாது. அதில், எமது பெரிய ஸ்னூக்கர் மேசையில், கறுப்புப் பந்து வைக்கப்படும் முனையின் பக்கமிருந்து அடிக்கப்பட்ட சிவப்புப் பந்து நடுப் பொக்கற்றை (நீளப்பக்கத்தின் நடுவிலுள்ள குழியை) நோக்கி மெதுவாக உருண்டு, வாயிலை நெருங்கும்போது சற்றே வளைந்து, கிட்டிய ஓரத்தில் தட்டி நின்றுவிடுகிறது. கீழே, "மேசையைச் சரித்து வைத்திருக்கிறார்கள், ஆட்டம் இழுத்தால்தானே மணிக்கணக்கில் காசு" என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவரை எனக்குத் தெரியும். அவர் குடித்த தேநீருக்குக்கூட நான் பல நாள் காசு வாங்கியதில்லை.

பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட அந்த மேசையின் துணிக்குக் கீழே ஐந்து கற்பலகைகள் இருக்கின்றன. கடந்த ஞாயிறு நான்கு வாடிக்கையாளர்களின் முன்னிலையில், ஒவ்வொரு பலகைக்கும் மேலே நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தோம். குமிழி நடுக்கோடுகளை விட்டு அசையவில்லை. அதே பந்தை அதே இடத்திலிருந்து சற்று உரமாக அடித்தபோது நேராகப் போய் விழுந்தது.

காரணம் துணியில் இருக்கிறது. பெரிய மேசையில் விரித்திருப்பது கம்பளித் துணி; அதன் நுண்ணிய ரோமம், வெள்ளைப் பந்தை வைத்துத் தொடங்கும் அரைவட்டப் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்தின் பக்கமாகப் படுத்திருக்கும். நாம் இதை 'நாப்' என்கிறோம். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் சொரசொரப்பாகவும் இருப்பதை நீங்களே உணரலாம் (றோல்ஸ் சாப்பிட்ட கையோடு வேண்டாம்). பந்து வேகமிழக்கும் நேரத்தில் இந்த ரோமம் அதைத் தான் படுத்திருக்கும் பக்கமாக இழுக்கும். அதனால்தான் பழகிய ஆட்டக்காரர் கறுப்புப் பக்கமிருந்து நடுப் பொக்கற்றுக்கு மெதுவாக அடிக்கும்போது, தூர ஓரத்தைக் குறிவைப்பார். முன்னறையிலுள்ள இரண்டு பூல் மேசைகளின் துணியில் இந்த ரோமம் கிடையாது. அங்கே பழகியவருக்கு இது சரிவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. துணி பழையது என்பதையும், மார்க்கர் போன பிறகு தினமும் தூரிகை போடுவதில் நான் சில நாட்கள் தவறிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாரி ஈரத்தில் கம்பளி கனத்துப் பந்து மந்தமாகியதும் உண்மை. ஆனால் சரித்து வைத்தேன் என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை.

அதே காணொளியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வெள்ளைப் பந்து பொக்கற்றில் விழுந்தும் அவருக்கு மூன்று புள்ளி கொடுத்தோம் என்ற குறையும் உண்டு. அவர் அன்று ஆடியது ஸ்னூக்கர் அன்று, மூன்று பந்துகளால் ஆடும் பில்லியார்ட்ஸ். ஸ்னூக்கரில் வெள்ளை விழுந்தால் தண்டம், எதிராளிக்குக் குறைந்தது நான்கு புள்ளி. பில்லியார்ட்ஸிலோ சிவப்பில் பட்டு நமது பந்து விழுந்தால் அது 'இன்-ஓஃப்', மூன்று புள்ளி. மற்ற இரு பந்துகளிலும் தொட்டால் 'கனன்', இரண்டு புள்ளி. 1973 இல் பம்பாயில் எமது நாட்டின் எம். ஜே. எம். லாபீர் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றது இந்த ஆட்டத்தில்தான். ஒரே மேசையில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும்போது பார்ப்பவர் குழம்பலாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

புதிய துணிக்குச் சொல்லிவிட்டோம். அதை இழுத்துக் கட்டக் கொழும்பிலிருந்து ஆள் வரும் மூன்று நாட்களுக்குப் பெரிய மேசை இயங்காது. துணி, கியூ எனும் பந்தடிக்கும் கோலின் முனைத் தோல், அதில் தேய்க்கும் சோக் எல்லாமே இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ஐத் தொட்டபோதும், அதன் பின்னர் மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறியபோதும் நான் மணிக்கட்டணத்தில் கைவைக்கவில்லை. எதிர்வரும் முதலாம் திகதி முதல் அது, முற்பணம் கட்டிய அட்டைகள் உட்பட, 600 ரூபாவிலிருந்து 800 ரூபாவாகிறது.

காணொளி வந்த மறுநாளும் வழமைபோல வந்து, ஒன்றும் கேட்காமல் கியூவை எடுத்தவர்களை நான் மறக்கமாட்டேன். நீர்மட்டம் இனிக் காசுமேசையின் இழுப்பறையில் இருக்கும். ஐயமுள்ளவர்கள் கேட்டு வாங்கி வைத்துப் பார்க்கலாம்; ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.

இங்ஙனம்,
உரிமையாளர்,
கரடிப்போக்கு, கிளிநொச்சி.