சனிக்கிழமை கார் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள்,

நீ அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்தேன். 1973ஆம் ஆண்டு எம்ஜிபி, கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு, குரோம் பம்பர், கம்பிச் சில்லு. வடிவான கார்தான். அம்மாவுக்கும் காட்டினேன். "இரண்டு பேர் மட்டும் ஏறுற காரை வாங்கி என்ன செய்யப்போறாள்?" என்று கேட்டா. கேட்டுவிட்டுப் படத்தைத் தானே ஒருக்கால் பெரிதாக்கிப் பார்த்தா.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாங்கு. ஆனால் பெயின்ற் மினுக்கத்துக்குக் காசு கொடுத்துவிடாதே, பிள்ளை. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமைதான் ஆகிறது, இல்லாவிட்டால் லீட்ஸுக்கு நானே வந்து காருக்கடியில் படுத்திருப்பேன். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கதவுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லுவரை நீளமாக ஒரு இரும்புப் பெட்டி ஓடும். இங்கத்தை ஆட்கள் அதைச் 'சில்' என்பார்கள், நான் வாசல்படி என்றே சொல்லுவேன். அதற்கு முந்தைய எம்ஜிஏ காருக்கு அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. 1962இல் வந்த எம்ஜிபிக்கு அது இல்லை, உடம்புதான் பலம். கூரை இல்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த வாசல்படிதான். அது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்புத்தண்ணீர் உள்ளே போய்த் தங்கினால், கறள் உள்ளிருந்துதான் தின்னத் தொடங்கும். விற்கிறவர் வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பெயின்ற் அடித்துவிட்டால் மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. 1997இல், நீ அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, நான் வாங்கிய நீல எம்ஜிபியை உனக்குப் படத்தில்தான் தெரியும். வாங்கி இரண்டாம் மாதம் ரயர் மாற்ற ஜாக் அடித்தேன். கார் உயர்ந்தது. உள்ளே கிடந்த ரோச்சை எடுக்கக் கதவைத் திறந்தால் திறக்கவில்லை. ஜாக்கை இறக்கினேன், கதவு லேசாகத் திறந்தது. திரும்ப உயர்த்தினேன், திரும்ப இறுகியது. நடுச்சட்டம் உக்கின கட்டில் மாதிரிக் கார் வளைந்துகொண்டிருந்தது. வாசல்படியில் திருப்புளியை வைத்து அமத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது அதன் நுனியில் ஈரமான செய்தித்தாள் துண்டு ஒன்று வந்தது. ஓட்டைக்குள் கடதாசியை அடைத்து, மேலே ஃபில்லர் என்ற பசையைப் பூசி, பெயின்ற் அடித்து விற்றிருக்கிறார்கள். கார் வாங்கின காசைவிட வெல்டிங்குக்குக் கொடுத்த காசு கூட. தொட்டில் வாங்க வைத்திருந்த காசும் அதற்குள் போனது. அம்மா ஒரு சொல் பேசவில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆகையால் நீ ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோ. வாசல்படி நெடுக, முன்சில்லுக்குப் பின்னாலுள்ள தகட்டின் அடியிலும் வைத்துப் பார். காந்தம் விழுகிற இடத்தில் இரும்பு இல்லை. விற்கிறவரிடம் கேட்டு ஜாக் அடித்து, கதவு முன்போலவே திறந்து மூடுகிறதா என்று பார். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரேமாதிரி இருக்கவேண்டும். சீற்றுக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கினால் பற்றறிப் பெட்டிகள் தெரியும். அந்த ஆண்டுக் காருக்கு ஆறு வோல்ற் பற்றறி இரண்டு. அசிட் சிந்தி அந்தப் பெட்டிகளின் அடி உக்கிப்போவது வழமை. இதையெல்லாம் பார்க்க விடமாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேசாதே, திரும்பி வா.

எஞ்சினுக்குப் பயப்படாதே. அது எங்கள் வீட்டு எஞ்சின்.

அப்பப்பாவின் வாடகைக்கார் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். அதில் இருந்தது 1489 சிசி பி சீரீஸ் எஞ்சின். எம்ஜிபியில் இருப்பது அதே குடும்பம், 1798 சிசிக்குப் பெருப்பித்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபோது அப்பப்பா காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்பார், பொன் மாதிரி. காபரேற்றர் வாய்க்குள் சில துளி விடுவது என் வேலை. ஸ்ராட் ஆகிச் சூடேறினால் பிறகு மண்ணெண்ணெயே போதும். பின்னால் புகை ஒழுங்கையை மூடும். பிரசவத்துக்குப் போன எத்தனையோ பெண்களை அந்தக் கார் ஆசுபத்திரியில் கொண்டுபோய் விட்டது. நான் இங்கே வந்த இரண்டாம் வருசம் ஹரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சிவப்பு விளக்கில் ஒரு எம்ஜிபி வந்து நின்றது. பெயரும் தெரியாது, விலையும் தெரியாது. அந்தச் சத்தம் மட்டும் தெரிந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு அது போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நீலக் காரை, தம்பி பிறந்தபோது, இரண்டு சீற்றில் நாலு பேர் போக முடியாதென்று விற்றேன்.

பாகங்களுக்கு அலையவேண்டி வராது. எம்ஜி தொழிற்சாலை இருந்த அபிங்டனில் 1980வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1988இலிருந்து பழைய அச்சுகளை வைத்தே முழு உடம்பையும் புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். நாற்பது வருசம் தாண்டின கார் என்பதால் வீதிவரி இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால், புகை கூடின கார்களுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. எம்ஓரீ என்ற வருடாந்தப் பரிசோதனையும் கட்டாயமில்லை, ஆனால் நீ வருசா வருசம் காட்டு. பிறேக்கை இன்னொரு கண் பார்ப்பது நல்லது. இ10 பெற்றோல் அடிக்காதே, அதிலுள்ள எத்தனோல் பழைய றப்பர்க் குழாய்களைத் தின்றுவிடும். எத்தனோல் குறைந்த, பம்பில் இ5 என்று போட்டிருக்கிற சூப்பரை அடி. முன்சில்லு திரும்புகிற அச்சாணியான கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் அடிக்கவேண்டும். அதை நான் உனக்குக் காட்டித் தருவேன், கராஜுக்குக் காசு கொடுக்காதே.

இது சரிவராவிட்டால் 1974 கடைசியிலிருந்து வந்த கறுப்பு றப்பர் பம்பர்க் கார்களையும் பார். அமெரிக்கச் சட்டத்துக்காக உயர்த்திச் செய்ததென்று பலர் முகம் சுளிப்பார்கள், அதனால் விலை குறைவு. உக்கின குரோம் பம்பரைவிட உக்காத றப்பர் பம்பர் எவ்வளவோ மேல்.

விற்கிறவரிடம் இன்றைக்கே சொல்லி வை: நீ வரும்வரை எஞ்சினை ஸ்ராட் பண்ணவேண்டாம் என்று. சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறையை மறைக்கும். போனதும் பொனற்றில் கை வைத்துப் பார், குளிர்ந்திருக்கவேண்டும். பிறகு எனக்கு அழைப்பு எடு. போனைக் காபரேற்றருக்குப் பக்கத்தில் பிடி, காற்றாடியில் படாமல். அவர் சாவியைத் திருப்பட்டும். நீ ஒன்றும் கதைக்கவேண்டாம், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா