ஊதத் தெரியாத பிள்ளைக்கும் ஒரு பகுதி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை இசை முகாம்களில் பிள்ளைகள் பேண்டு வாசிக்கக் கற்றுக்கொள்வது குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இத்தகைய முகாம்களில் கிளாரினெட் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், என் மனத்தை நெடுநாளாக உறுத்தும் ஒன்றைப் பெற்றோர்களிடமும் முகாம் நடத்துவோரிடமும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய ஒரு முகாமில், இறுதி நாள் நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு, மூன்றாம் கிளாரினெட் வரிசையில் இருந்த ஒரு சிறுவனிடம், "நீ ஊத வேண்டாம், வாயில் வைத்துக்கொண்டு விரலை மட்டும் அசைத்தால் போதும்" என்று சொல்லப்பட்டது. அவனும் அப்படியே செய்தான். நிகழ்ச்சி முடிந்ததும், மற்றப் பிள்ளைகளைப் போலவே கருவியைக் கழற்றி, குழாய்க்குள் துணியை விட்டு இழுத்தான். எல்லோருடைய துணியும் மூச்சின் ஈரத்தால் நனைந்திருக்க, அவன் துணி மட்டும் உலர்ந்தபடியே வெளியே வந்தது. அதை அவன் மடித்து வைத்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததில்லை என்பதை அறிவேன். முகாம் தொடங்குவதற்கு முன்பே நிறைவு நிகழ்ச்சியை அறிவித்துவிடுகிறார்கள்; அரங்கம் கைதட்டும்படியான ஒரு பாட்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்; பிறகுதான் அதை வாசிக்கக்கூடிய பிள்ளைகள் யார் என்று பார்க்கிறார்கள். அந்தப் பாட்டின் வேகத்துக்கு விரல் ஓடாத பிள்ளைகள் சில நாட்கள் திணறிவிட்டு, கடைசியில் ஓசையில்லாமல் ஒதுக்கப்படுகிறார்கள். வந்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு ஏற்றபடி பாட்டை அமைப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

பேண்டைப் போல இதற்கு இடம்கொடுக்கும் ஏற்பாடு வேறில்லை. ஐந்து சுரங்கள் மட்டுமே தெரிந்த பிள்ளையால் தனியாக நின்று அதிகம் வாசிக்க இயலாது. ஆனால் ட்ரம்பெட் மெட்டை வாசிக்கும்போது, அந்த ஐந்தில் இரண்டு சுரங்களை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டி அடியில் தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். அது ஒப்புக்குக் கொடுக்கும் வேலையல்ல. மூச்சைப் பிரித்துச் செலவிட வேண்டும், சுருதி வழுவாமல் நிற்க வேண்டும், இடையில் வரும் ஓய்வுகளை எண்ணிச் சரியான இடத்தில் மீண்டும் சேர வேண்டும். தாளில் எழுதியிருக்கும் ஓய்வும் இசையின் பகுதிதான். அந்தச் சிறுவன்மீது சுமத்தப்பட்ட மௌனம் அத்தகையதன்று. அவனுக்கு ஒரு பகுதி எழுத ஆசிரியருக்குப் பென்சிலும் ஒரு மாலைப்பொழுதும் போதுமாயிருந்திருக்கும்.

சேர்ந்து வாசிப்பதில் முதலில் பழக வேண்டியது காது. ஃப்ளூட், கிளாரினெட், ஆல்ட்டோ சாக்ஸபோன் வைத்திருக்கும் மூன்று பிள்ளைகளைத் தத்தம் இசைத்தாளில் உள்ள 'சி' என்ற மேற்கத்திய சுரத்தை ஊதச் சொன்னால், தாளில் எழுதும் பெயருக்கு ஒலிக்கும் சுரம் கருவிக்குக் கருவி வேறுபடுவதால், முறையே சி, பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று மூன்று வெவ்வேறு சுரங்கள் ஒலிக்கும். தவறு தன்னுடையதுதான் என்று மூவருமே நினைத்துக்கொள்வார்கள். அடுத்து, ஃப்ளூட்டுக்கு பி ஃப்ளாட், கிளாரினெட்டுக்கு சி, சாக்ஸபோனுக்கு ஜி என்று கொடுத்தால், பெயரில் வேறான மூன்றும் ஒரே சுரமாக ஒன்றுசேரும். அதுவரை தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அப்போதுதான் பக்கத்து நாற்காலியைக் கவனிக்கத் தொடங்குகிறது. அதேபோல, ஒரு கருவி நொடிக்கு 440 அதிர்வுகளும் மற்றொன்று 442 அதிர்வுகளும் எழுப்பினால், ஒலி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்குவது காதுக்குத் தெரியும். சுருதி ஏறியிருக்கும் கிளாரினெட்டின் மேல் இணைப்பைச் சற்றே இழுத்து நீட்டும்போது அந்த ஏற்ற இறக்கம் மெல்ல மெல்ல அடங்குவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இதற்கு வேகமான விரல் தேவையில்லை; நான் சொன்ன சிறுவன் இதில் மற்ற எல்லோரையும்விடக் கெட்டிக்காரனாக இருந்தான்.

கோடையில் இந்தக் கவனிப்பு இன்னும் முக்கியம். காற்றின் வெப்பம் கூடக்கூட அதில் ஒலி விரைந்து செல்வதால், ஊதுகருவிகளின் சுருதி ஏறுகிறது. கிட்டாரின் கம்பியோ வெப்பத்தில் தளர்ந்து சுருதி இறங்குகிறது. காலையில் ஒரு முறை சுருதி சேர்த்துவிட்டு மாலைவரை அதிலேயே ஓட்டுவதும், பிற்பகலில் பிசகினால் பிள்ளையைக் கடிந்துகொள்வதும் சரியல்ல.

நிகழ்ச்சிக்கான அவசரத்தில் உடலும் மறக்கப்படுகிறது. புதிதாக ட்ரம்பெட் பிடிக்கும் பிள்ளையின் உதடு சீக்கிரமே சோர்ந்துவிடும். அடிக்கடி இளைப்பாற விட வேண்டும். 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் என்பது பெரியவர்களின் பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். மூடிய அறையில் டிரம்முக்கு அருகே அமரும் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கொடுப்பதை முகாம்கள் கட்டாயமாக்க வேண்டும்.

நிறைவு நாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று பெற்றோரை ஒத்திகைக்கே அழைக்கலாம். இசை நடத்துபவர் நடுவில் கை உயர்த்தி நிறுத்துவதையும், ஒரு வரிசையை மட்டும் மறுபடி ஊதச் சொல்வதையும், அது மற்றவர்களோடு சேரும்போது என்ன மாறுகிறது என்பதையும் அவர்கள் கேட்கட்டும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும், எந்தப் பாட்டை வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால், "என் பிள்ளைக்கு ஊதுவதற்கு என்ன எழுதிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்க வேண்டும் என அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
ஒரு கிளாரினெட் ஆசிரியர்