ஐபோன் 13-ஐ மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்ததிலிருந்து, ஐபோன் 13 வைத்திருப்போர் பலர் எக்ஸ்சேஞ்ச் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் 256 ஜிபி மாடலின் அறிமுக விலை 82,900 ரூபாய். அந்தக் கணக்குக்கு முன் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பகுதியைத் திறந்து பார்ப்பது நல்லது.

'போன் ஸ்லோ ஆகிவிட்டது' என்பதற்குப் பல நேரம் பேட்டரிதான் காரணம். பழைய பேட்டரியில் உள்மின்தடை (மின்னோட்டத்துக்கு உள்ளேயே எழும் தடை) கூடிவிடும். கேமராவைத் திறக்கும்போது திடீரென மின்சாரம் அதிகம் தேவைப்பட்டால், வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துபோகும். மறுபடி அப்படி ஆகாமலிருக்க ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் பிராசஸரின் வேகத்தையே மட்டுப்படுத்தும். புது பேட்டரி போட்டால் வேகம் திரும்பிவிடும். 13-இன் பேட்டரி 500 முழு சார்ஜ் வரை 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி அமைக்கப்பட்டது (15 முதல் அது 1,000). 80-க்குக் கீழே இறங்கியிருந்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். மலிவு பேட்டரி போட்டால் 'அறியப்படாத பாகம்' என்ற எச்சரிக்கைதான் மிஞ்சும்.

அப்டேட் நின்றுவிடும் என்ற பயமும் இப்போதைக்கு வேண்டாம். ஐஓஎஸ் 26 ஐபோன் 11-க்கே கிடைக்கிறது.

128 ஜிபி நிரம்பித் தவிப்பவருக்கும், 120 ஹெர்ட்ஸ் திரை, 48 மெகாபிக்சல் அல்ட்ரா வைட், டைப்-சி ஆகியவை உண்மையாகவே தேவைப்படுபவருக்கும் 17 நல்ல போன். ஐபோன் 16 வைத்திருப்பவர் மாற்றுவது வீண்செலவு.

வாங்குவதென்றால் 'நோ காஸ்ட் இஎம்ஐ'யைக் கூர்ந்து பாருங்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்தான் விழும். வட்டி 7,000 ரூபாய் என்றால் வரி 1,260. பிராசசிங் கட்டணம் தனி. 2025 ஜிஎஸ்டி குறைப்பில் போனும் மலிந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். பெரிய டிவி, ஏசிக்குத்தான் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, போனுக்கு முன்பும் 18, இப்போதும் 18.

பழைய ஐபோனைக் கொடுக்கும் முன், தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து, ஐகிளவுடிலிருந்து வெளியேறி, பிறகே அழிக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணக்கு இல்லாமல் போனைப் பயன்படுத்த விடாத ஆக்டிவேஷன் லாக் விழுந்து, எக்ஸ்சேஞ்சுக்குப் போனை எடுக்க வருபவர் வாசலிலேயே திருப்பித் தந்துவிடுவார். ஆண்ட்ராய்டிலிருந்து வருவோர் கவனிக்க: கூகுள் டிரைவில் உள்ள வாட்ஸ்அப் பேக்கப் ஐபோனில் திறக்காது. புது போனை செட்டப் செய்யும்போதே 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாக மாற்ற வேண்டும்.

யுபிஐ செயலிகள் புது போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கும். சிம்மில் எஸ்எம்எஸ் வசதியில்லாத ரீசார்ஜ் இருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். பதிவான பிறகும் முதல் 24 மணி நேரம், பல வங்கிகளில் ஐபோனுக்கு 72 மணி நேரம், பணம் அனுப்பும் வரம்பு குறைவு. வாடகை கட்டும் நாளில் போனை மாற்றாதீர்கள்.

– ஒரு வாசகர், திருச்சி