கடை நிற்கக் காரணமானவர்களுக்கு ஒரு நன்றி மடல்

தூத்துக்குடி மக்களுக்கு வணக்கம்.

பாளை ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2023 ஆவணியில் திறந்தது. இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். நேரில் சொல்ல வந்தால் "இதுக்குப் போய் நன்றியா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால் எல்லாரும் பார்க்கும்படியே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு. பழுதான லேப்டாப்பின் போர்டைக் கையில் எடுத்ததும் சால்டரிங் அயர்னைத் தேடாதே, முதலில் கண்ணால் பார், கருகிய வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார், அப்புறம்தான் மல்டிமீட்டர் என்பார். அடாப்டரிலிருந்து வருகிற 19 வோல்ட் எந்த இடம்வரை வந்து நின்றுபோகிறது என்று புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்க்க வைத்தார். மூன்று வருஷம் அப்படித்தான் போனது. ஊருக்குப் போய்த் தனியாகக் கடை போடுகிறேன் என்றதும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை, தன்னுடைய பழைய மைக்ரோஸ்கோப்பையும் ஹாட் ஏர் மெஷினையும் அட்டைப்பெட்டியில் கட்டி பஸ் வரைக்கும் தூக்கிவந்து ஏற்றிவிட்டார். காசு வந்ததும் கொடு என்றார். கொடுக்கப் போனால் இன்றுவரை வாங்க மாட்டேன் என்கிறார்.

அப்புறம் பேங்க் கவுன்டரில் இருந்த அக்கா. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்கு 2,500 ரூபாய் ஆகும் என்று ஒருவர் சொல்லியிருந்தார், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். "தம்பி, அதுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் பானும் இருந்தா நீங்களே ஆன்லைன்ல பதிஞ்சுக்கலாம்" என்று சொல்லி, சிறுதொழிலுக்குக் கொடுக்கும் முத்ரா கடனுக்கான படிவத்தையும் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்பித் தந்தார். அந்தக் கடன்தான் அட்வான்ஸ், மேஜை, கொஞ்சம் ரேம், எஸ்எஸ்டி எல்லாம். மாடியில் இருக்கிற ஜெராக்ஸ் கடை அக்காவையும் விட முடியாது. பேட்டரி செத்து வீட்டு அலமாரியில் கிடந்த விலையில்லா லேப்டாப்களை எல்லாம் "கீழே ஒரு தம்பி பார்க்குது" என்று அனுப்பிவைத்தவர் அவர்தான், முதல் மாசம் எனக்கு வந்த வேலையில் பாதி அது.

இனி அந்த மழை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கு அப்போது நாலு மாசம்தான். சர்வீஸுக்கு வந்த 14 லேப்டாப் மேஜையிலும் கீழ்த்தட்டிலும், 6 சிபியு தரையிலும் இருந்தன. நானோ பிரையண்ட் நகரில் வீட்டைவிட்டு இறங்க முடியாமல் நிற்கிறேன், போனும் கிடைக்கவில்லை. பக்கத்து டீக்கடை அண்ணாச்சியிடம் ஒரு சாவி கொடுத்திருந்தேன். அவர் தன் கடை அடுப்பும் பால் கேனும் தண்ணீரில் கிடக்கும்போது டார்ச் லைட்டோடு என் கடையைத் திறந்து, 14 லேப்டாப்பையும் சாக்கில் போட்டு நாலு நடையாக மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதோடு, ஒவ்வொரு சார்ஜரையும் அதனதன் லேப்டாப்போடு சணலால் கட்டி வைத்திருந்தார். எதுக்கு அண்ணாச்சி என்றேன். "யாருது எதுன்னு உனக்குக் குழம்பிடக்கூடாதுல்லா" என்றார்.

சிபியுக்களைக் காப்பாற்ற முடியவில்லை. தண்ணீர் வடிந்து திறந்தபோது உள்ளே சேறு, ஸ்லாட்டுகளில் பச்சைப் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று ஊர், இங்கே ஈரம் பட்ட போர்டு ஒரு நாள்கூடக் காத்திருக்காது. ஜெராக்ஸ் அக்கா மொட்டைமாடியைக் கொடுத்தார். போர்டு கழுவுகிற ஐபிஏ ஆல்கஹாலும் டூத் பிரஷுமாக நாலு நாள் அங்கேயே உட்கார்ந்து கழுவினேன். நாலு மெஷின் பிழைத்தது, இரண்டு போய்விட்டது. போனதில் ஒன்று ஓய்வுபெற்ற டீச்சருடையது. அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்து, அடிப்பக்க போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்து வேறு மெஷினில் மாட்டினேன். பென்ஷன் பேப்பர்களும் மகள் கல்யாணப் படங்களும் வரிசையாக வந்தபோது டீச்சர் என் தலையில் கை வைத்தார், எதுவும் பேசவில்லை.

அந்த ஆறு சிபியுக்களின் சொந்தக்காரர்களுக்கும்தான் இந்த மடலில் பெரிய நன்றி. என் பொறுப்பில் விட்டுப்போன பொருள் நனைந்தது. தரையில் வைத்தது என் தவறு. கடை வாசலில் நின்று சத்தம் போட்டிருந்தால் அந்த மாசமே மூடியிருப்பேன், உங்களில் ஒருவரும் போடவில்லை. மெஷின் போன இன்னொருவர், அடுத்த மாசம் புதுசு வாங்கும்போது என்னைத்தான் கூட அழைத்துப்போனார்.

இப்போது கடையில் தரையில் எதுவும் கிடையாது, நாலடி உயரத்தில் தட்டு அடித்திருக்கிறேன். சர்வீஸுக்குக் கொடுத்த லேப்டாப்பைத் திரும்ப வாங்க வருகிறவர்கள் சார்ஜரில் ஏன் சணல் கட்டியிருக்கிறது என்று கேட்கிறார்கள். அண்ணாச்சி கடையைக் கைகாட்டுகிறேன்.

அன்புடன்,
சந்துக்கடைத் தம்பி