பூசைக்கு முன் இரண்டு இட்லி

மதுரை,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூட்டு வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே நல்ல மழை. வைகையில் தண்ணீர் ஓடுகிறது, சாயங்காலம் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

பேரப்பிள்ளைகள் தோசை சாப்பிட்டுவிட்டு ஆராதனைக்கு வருகிறார்களே என்று மருமகளைச் சத்தம் போட்டதாக எழுதியிருந்தாய். எங்கள் கத்தோலிக்கச் சபை இதற்கு என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தாய். போன மாதம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் பூசை. உன் தங்கச்சி வழக்கம்போல் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வந்துவிட்டாள். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க எழுந்தபோது கை நடுங்கி, சேலை முந்தானையெல்லாம் வேர்வையில் நனைந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் மெழுகுவத்தி விற்கும் அம்மா ஓடிவந்து, தன் தூக்குவாளியில் இருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். தெளிந்ததும் இவள் அழுதாள். உடம்புக்காக இல்லை, "டீ குடிச்சிட்டேனே, இனிமே நன்மை வாங்க முடியாதே" என்று. சாமியார் நற்கருணையோடு அவள் இருந்த இடத்துக்கே வந்து, "நோயாளிக்கு அந்தக் கணக்கு கிடையாதும்மா" என்றார். மாத்திரை போட்டவள் சாப்பிட்டாளா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் அம்மா உனக்கு ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி தண்ணீர்ப் பானையை மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார். தூக்கக் கலக்கத்தில் யாரும் மொண்டு குடித்துவிடக் கூடாதாம். நள்ளிரவுக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்பது பழைய சட்டம். 1953 இலேயே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தண்ணீருக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டார். 1957 இல் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் என்று ஆனது, 1964 இல் ஒரு மணி நேரம். அதுவும் பூசை தொடங்குவதற்கு முன் இல்லை, நன்மை வாங்குவதற்கு முன். மருந்துக்குத் தடையே கிடையாது. வயதானவர்கள், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யாருக்கும் அந்த ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மா மட்டும் கடைசிவரை குழவியை எடுக்கவில்லை. அந்த பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் புராட்டஸ்டண்ட் பக்கம் சட்டமே இல்லை. 1834 இல் இங்கே வந்த அமெரிக்கன் மிஷன்காரர்கள் இப்படி எதையும் விதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாமி கும்பிடுமுன் சாப்பிடக் கூடாது என்பது நம் ஊர் மண்ணில் இருக்கிற வழக்கம், உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அது பொது. நல்ல வழக்கம்தான். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 11 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பசித்தவன் வீட்டிலே சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றுதான் பவுல் எழுதுகிறார். அவருக்குக் கோபம் வந்தது யாரும் சாப்பிட்டதற்காக இல்லை. திருவிருந்துக்குக் கூடின இடத்தில் இருக்கிறவன் வயிறு முட்டத் தின்று குடிக்க, இல்லாதவன் பக்கத்திலேயே பட்டினியாக வெட்கப்பட்டு நின்றானே, அதற்காக. அந்த டீயை ஊற்றிக் கொடுத்த அம்மா அன்று காலை ஏதாவது சாப்பிட்டிருந்தாரா என்று எனக்கு அப்புறம்தான் தோன்றியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கொண்டுபோகிறோம்.

நான் இன்னும் வெறும் வயிற்றோடுதான் போகிறேன். உடம்பு தாங்குகிறது, அந்தச் சின்னப் பசி பூசையில் மனதை நிறுத்துகிறது. உனக்கும் முடிந்தால் அப்படியே இரு. பிள்ளைகளை விட்டுவிடு. பசித்த பிள்ளைக்குப் பிரசங்கம் காதில் ஏறாது. மருமகளிடமும் நல்லபடியாக நாலு வார்த்தை பேசு, காலையில் எழுந்து தோசை சுட்டதற்குத் திட்டு வாங்கினால் அவளுக்கு எப்படி இருக்கும்?

உன் தங்கச்சிக்கு இப்போது முதல் பூசைக்கு முன்னால் இரண்டு இட்லி நான்தான் எடுத்து வைக்கிறேன். முதல் வாரம் தட்டைத் தள்ளிவிட்டாள். இன்று சட்னி கேட்டாள்.

பொங்கலுக்கு அவசியம் வா.

உன் பிரியமான நண்பன்