துறைமுகம் எந்த நிரலில் இருக்கிறது?

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

சிறப்புப் பாடத்துக்கான படிவத்தை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றாய். அரசறிவியலா, சர்வதேச உறவுகளா என்று நீ கேட்டதற்கு ஃபோனில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் தம்பி, யாரையும் பேச விடாத வீடு இது. அதனால் எழுதுகிறேன். முடிவு உன்னுடையது. ஆனால் எனக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. நான் இத்தனை வருடம் வேலை செய்த கந்தோரே இரண்டு நாடுகள் போட்ட ஒரு கையெழுத்தால் வந்ததுதானே.

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் எங்கள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. அதில் பிறந்தது மாகாண சபை. எங்கள் கோப்புகள், இடமாற்றக் கடிதங்கள், இப்போது மாதா மாதம் வரும் என் ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாக வந்தவைதான். உன்னுடைய அரசறிவியல் விரிவுரையாளர் இதை அதிகாரப் பகிர்வு என்ற தலைப்பில் படிப்பிப்பார். சர்வதேச உறவுகள் படிப்பிக்கிறவர் இந்தியாவின் அயல்நாட்டுக் கொள்கை என்ற தலைப்பில் படிப்பிப்பார். இரண்டு பேரும் பேசுவது ஒரே காலத்து ஒரே தாள்களைப் பற்றி. எதை எடுத்தாலும் மற்றதைக் கைவிடாதே என்று நான் சொல்வது அதனால்தான்.

அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை நீ இன்னும் முழுதாக வாசிக்கவில்லை என்றால் இந்த விடுமுறைக்குள் வாசி. அதில் மூன்று நிரல்கள், அதாவது பட்டியல்கள், இருக்கின்றன: மாகாணத்துக்குரிய மாகாண சபை நிரல், மத்திய அரசுக்கு மட்டும் உரிய ஒதுக்கிய நிரல், இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். கல்வி, சுகாதாரம், விவசாயம், காணி என்று ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பார். கிழக்கு மாகாணத்தின் தலைநகர் இது. ஆளுநர் இங்கே, பிரதம செயலாளர் இங்கே. ஆனால் உலகத்துக்கு இந்த ஊரைத் தெரிய வைத்த துறைமுகம் ஒதுக்கிய நிரலில் இருக்கிறது. கப்பல் யார் கொண்டுவருவது, கரையை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்பதில் மாகாண சபைக்குச் சட்டப்படி ஒரு சொல்லும் இல்லை. வெளிநாட்டு விவகாரமும் அதே நிரலில்தான். ஒரு ஊரில் இரண்டு அரசுகள் எப்படி இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் இந்த அட்டவணையைக் காட்டு.

அடுத்ததுதான் முக்கியம். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, கிழக்கு மக்கள் அந்த இணைப்பு வேண்டுமா என்று முடிவு செய்ய 1988 டிசம்பர் 31க்குள் சர்வஜன வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. எங்கள் கந்தோரில் இந்தத் திகதி பலருக்கு மனப்பாடம். அதோடு சேர்ந்து வரும் வசனம் பலருக்குத் தெரியாது. ஜனாதிபதி விரும்பினால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியே வருடா வருடம் தள்ளிவைத்தார்கள். ஒரு தடவைகூட அது நடக்கவில்லை. பிறகு 2006 ஒக்டோபரில், இணைத்த முறை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 தொடக்கத்தில் இரண்டு மாகாணங்களும் பிரிந்தன. வடக்கின் கோப்பு எது, கிழக்கின் கோப்பு எது என்று நாங்கள் பிரித்த நாட்களில் நீ சின்னப் பிள்ளை, நினைவிருக்காது.

வாக்கெடுப்பு நடந்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்பதில் தமிழர் ஒன்று சொல்வார்கள், முஸ்லிம்கள் ஒன்று சொல்வார்கள், சிங்களவர் இன்னொன்று சொல்வார்கள். அந்த வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. இணைத்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். நீ எந்த உடன்படிக்கையைப் படித்தாலும் யார் கையெழுத்திட்டார்கள் என்று பார்ப்பதோடு நிற்காமல், அதில் பெயர் வருகிற ஊர்க்காரரிடம் யாராவது கேட்டார்களா என்றும் பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சபை இருக்கவில்லை. 1988இல் தெரிவான சபை 1990இல் கலைந்துவிட்டது, அதற்குப் பிறகு ஆளுநர்தான். கிழக்கில் மக்கள் வாக்குப் போட்ட சபை 2008இலும் 2012இலும் வந்தது. 2017இல் அதுவும் காலாவதியானது. தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்றது, பிறகு தேர்தலே இல்லை. உறுப்பினர் இல்லாத சபையிலும் சுற்றறிக்கை வந்துகொண்டே இருக்கும். நிறுவனம் என்பது என்ன என்று உங்கள் வகுப்பில் விவாதம் வந்தால் இதை ஒரு உதாரணமாகச் சொல்லலாம்.

அப்புறம் எங்கள் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடா. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றைக்கும் நிற்கின்றன. 1987 ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் இவை வருகின்றன. அவற்றைத் திருத்தி இயக்குவது இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும், திருகோணமலையை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை என்று எழுதினார்கள். 2022 ஜனவரியில்தான் கணக்கு முடிந்தது: 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு, அதில் 51 வீதம் எங்கள் பக்கம். கடிதத்தில் ஒரு வரியாக இருந்தது கம்பனிப் பங்காக மாற கிட்டத்தட்ட 35 ஆண்டுகள். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் ஆய்வு எழுதும்போது இந்த இடைவெளியை எடுத்துப் பார் என்பது என் ஆசை. எதனால் இவ்வளவு காலம்? போர் ஒரு பதில்தான். கொழும்பில் மாறி மாறி வந்த அரசாங்கங்கள், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு, டில்லியின் பொறுமை, 2022இன் டொலர் நெருக்கடி என்று தோண்டத் தோண்ட வரும்.

பழைய கதை உனக்குத் தெரியும். 1782 என்ற ஒரே வருடத்துக்குள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் எங்கள் ஊர்க் கோட்டை கை மாறியது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1957இல்தான் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைத் திருப்பித் தந்தார்கள். இதை எல்லாம் வைத்துத்தான் யதார்த்தவாதம் சரி, பலமுள்ளவன் செய்வான், பலமில்லாதவன் பொறுப்பான் என்று போன தடவை வந்தபோது வாதாடினாய்.

அதை நான் ஏற்க மாட்டேன். 1971ஐப் பார். அப்போதைய எங்கள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்ற கோரிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் வைத்தார். அந்த டிசம்பரில் தீர்மானம் நிறைவேறியது. அமெரிக்கா, சோவியத் யூனியன் போன்ற வல்லரசுகள் ஆதரிக்காமல் ஒதுங்கி நின்றன, ஆனால் எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. இந்து சமுத்திரத் தீவான தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வராமல் அது தடுக்கவில்லை, உண்மை. ஆனாலும் பெரிய படையில்லாத நாடு ஒன்று பெரிய நாடுகளை வாக்கெடுப்பில் வாய் திறக்க முடியாமல் செய்தது. பலம் என்றால் கப்பல் மட்டும்தான் என்று எழுதும் புத்தகம் இதற்கு இடம் வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை நம்பு.

சரி, என் தெரிவைச் சொல்கிறேன். அரசறிவியலைச் சிறப்புப் பாடமாக எடு. சர்வதேச உறவுகளில் எடுக்கக்கூடிய தெரிவுப் பாடங்களை எல்லாம் எடு. ஒரு அரசாங்கம் வெளியே போய் என்ன வாக்குக் கொடுத்தாலும் அதைச் சட்டமாக்குவதும் தள்ளிப்போடுவதும் உள்ளேதான் நடக்கிறது. அந்த உள்பக்கம் தெரியாமல் வெளியுறவு படித்தால் கைகுலுக்கும் படங்களைப் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டி வரும்.

வேலை பற்றி மாமா கேட்டதற்காக மனம் உடையாதே. வெளிநாட்டுச் சேவைக்கு எடுப்பது சிலரைத்தான், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நிர்வாக சேவைப் பரீட்சை இருக்கிறது, ஊடகம் இருக்கிறது, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. எதற்கும் மூன்று மொழியும் வேண்டும். உன்னோடு விடுதியில் இருக்கிற குருநாகல் பிள்ளையிடம் சிங்களம் பேசிப் பழகு. 13ஆவது திருத்தத்தைப் பற்றி அவளுடைய வீட்டில் என்ன பேசுவார்கள் என்று கேள். கேட்கும்போது இடையில் மறுத்துப் பேசாதே, முழுதாகக் கேள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரியாமல் நாங்கள் கேட்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. இதை எனக்குக் கந்தோர்தான் படிப்பித்தது.

ஒப்பந்தமும் அந்தக் கடிதங்களும் போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தமே சில பக்கங்கள்தான். சனிக்கிழமை இரவு ரயிலில் சித்தப்பா கொழும்புக்கு வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். கருவாடும் இருக்கிறது, விடுதியில் மணக்காமல் கட்டித்தான் தருகிறேன். படிவம் கொடுக்க முன் ஒரு தடவை எடுத்துப் பேசு, அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா